சாட்சிப் பக்கத்தில் வந்த ஆவி

மாடம்பாக்கத்தில் ஜெயசீலியின் வீட்டு வாசலில் டெனிஸ் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மணி இரண்டுதான். கூட்டம் மூன்று மணிக்கு. கத்திரி வெயிலில் இரும்புலியூரிலிருந்து வந்ததில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் பக்கவாட்டில், முருங்கை மரத்தடியில், சிமெண்டு சுமக்கும் இரும்புச் சட்டி ஒன்றை மூன்று செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பாட்டில் பெட்ரோலும் புதுத் தீப்பெட்டியும் இருந்தன. இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்தச் சட்டியில் எரியப்போவது முப்பத்தொரு பேய் நாவல்கள். அவை எரியப்போவது அவன் எழுதிய ஒரு கதையால்.

டெனிஸுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கிளார்க். ஆனால் அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. திகில் எழுத்தாளன் என்றுதான் சொல்லிக்கொள்வான். ஒருவன் தன்னை இன்னார் என்று நினைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது இந்த உலகத்தில் உள்ள சில வசதிகளில் ஒன்று. முதல் கதை ஓர் இணைய இதழில் வந்தது. இரண்டு பேர் கருத்து எழுதினார்கள், அதில் ஒருவர் அவனேதான். இரண்டாவது கதையை அவன் குடியிருக்கும் அடுக்குமாடியின் செய்திமடலில் போட்டார்கள். நடுவில், சரியாகக் கிணற்றுக்குள்ளிருந்து கை நீளும் இடத்தில், தண்ணீர் லாரி வரும் நேரங்களைக் கட்டம் கட்டி அச்சடித்திருந்தார்கள். மற்றப் பத்திரிகைகள் பதிலே போடவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லிக்கொண்டு அவன் அடுத்த கதையை எழுதினான். பத்திரிகை ஆசிரியர்கள், பரிசு வாங்குகிறவர்கள், மின்சார ரயிலில் செல்போன் பார்க்கும் கூட்டம், எல்லோரும் அவன் கணக்கில் கழுதைகள்தான்.

எழுத்தில் கிடைக்காததைப் புத்தகம் சேர்ப்பதில் தேடிக்கொண்டான். பழைய மாத நாவல்கள், அதிலும் பேய் நாவல்கள் மட்டும். பரணில், கட்டிலுக்கடியில், மனைவி ஜென்சி அரிசி வைத்திருந்த அலமாரியில் என்று எங்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அடைந்து கிடந்தன. யாருக்கும் இரவல் கிடையாது. அவனும் படிப்பதில்லை. படித்தால் புத்தகத்தின் முதுகு விட்டுப்போகும் என்பான். வாடகை நூல்நிலைய முத்திரை குத்தியவனையும், செலோடேப் ஒட்டியவனையும், ஓரத்தை வெட்டி பைண்டிங் போட்டவனையும் கொலைகாரர்கள் என்று திட்டுவான். நாய் பெற்ற தெங்கம்பழம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தாம்பரம் வட்டாரத்தில் கிடைக்காது.

அவனுக்கு ஒரே ஒரு குறை. எழுபதுகளில் முப்பத்தொரு இதழோடு நின்றுபோன 'மயானக்கிளி' மாத நாவலில் முதல் இதழ் அவனிடம் இல்லை. பத்தொன்பது வருடமாகத் தேடுகிறான். ஜிஎஸ்டி ரோடு பழைய பேப்பர் கடை ஜெயவேலுவிடம் கேட்காத வாரம் கிடையாது.

"அத்த எவன் சார் வெச்சிகினு கீறான்? எப்பவோ பொட்லம் மட்ச்சி சுண்டல் துன்னுட்டு பூட்டானுங்கோ" என்பான் ஜெயவேலு. டெனிஸ் அவனையும் கழுதைகளில் சேர்த்துவிட்டு வருவான்.

காகிதத்தில் உருப்படியாக ஒன்றாவது வரவேண்டும் என்ற வெறியில்தான் அவன் தான் ஞாயிறுதோறும் போகும் சர்ச் சபையின் மாத இதழுக்கு 'ஆவி இறங்கிய வீடு' கதையை அனுப்பினான். அனகாபுத்தூரில் வாடகைக்கு வந்த ஒருவனைச் செத்துப்போன வீட்டுக்காரனின் ஆவி பிடித்துக்கொள்ளும் கதை. பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குள் பலத்த காற்று அடிக்கிறது. அவன் புரியாத பாஷையில் பேசுகிறான். தரையில் விழுகிறான். எழுந்திருக்கும்போது பழைய ஆளாக இல்லை. மனைவி அவன் முகத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுகிறாள். கடைசிப் பத்தியில் அவன் அவளைக் கொன்று தண்ணீர்த் தொட்டிக்குள் போடுகிறான்.

பத்திரிகையைத் தயாரித்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேதசிரோமணி. எழுபது வருடமாக அவருக்கு ஆவி என்றால் பரிசுத்த ஆவி ஒன்றுதான். பேய்க்கு அவர் அகராதியில் பிசாசு என்று தனிச் சொல் இருந்தது. காற்று, அந்நிய பாஷை, கீழே விழுதல், புது மனுஷனாக எழும்புதல் எல்லாம் பரிசுத்த ஆவி இறங்கியதற்கான அடையாளங்கள் என்று அவருக்கு மிகத் தெளிவாகவே விளங்கியது. அறுப்பின் பண்டிகை அறிவிப்புக்கு இடம் போதாமல் கடைசிப் பத்தியை, அதைப் படிக்காமலே, வெட்டினார். மீதியை, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபையார் எழுதும் சாட்சிப் பக்கத்தில், ஒரு புறா படத்தோடு போட்டார்.

இதழைப் பார்த்த அன்று டெனிஸ் கொதித்துப்போனான். வேதசிரோமணியைக் கிழித்துவிடுவது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினான். ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நாற்பது பேர் அவன் கையைப் பிடித்தார்கள். ஒரு பெரியவர் கதையின் நான்கு வரிகளை மனப்பாடமாகச் சொன்னார். ஒரு பெண் அந்தப் பக்கத்தை வெட்டி லேமினேட் செய்து வைத்திருப்பதாகச் சொன்னாள். மடையர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே டெனிஸ் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. அடுத்த ஞாயிறும் வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றான்.

மூன்றாவது ஞாயிறன்று பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் பிளஸ்ஸி மைக்கைப் பிடித்தாள். பிரதர் டெனிஸின் சாட்சியைப் படித்துப் பலர் வீடுகளைச் சுத்திகரித்துவருகிறார்கள் என்றாள். போன வருடம் காலமான சம்பத் பிரதர் சேர்த்துவைத்த சாத்தானின் புத்தகங்களை, 'மயானக்கிளி' என்ற முப்பத்தொன்றையும், அவர் மனைவி ஜெயசீலி சிஸ்டர் வரும் சனிக்கிழமை எரிக்க ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்றாள். முதல் புத்தகத்தைப் பிரதர் டெனிஸே தம் கையால் நெருப்பில் போடுவார் என்றும் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டெனிஸுக்கு முப்பத்தொன்று என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை.

ஜெயசீலி கதவைத் திறந்தாள். ஐம்பத்திரண்டு வயது, கணக்கு டீச்சர். முடிக்குச் சாயம் அடிக்காதவள். சபையில் எல்லோரும் அவன் கையைப் பிடித்த அன்று பிடிக்காத ஒரே ஆள் அவள்தான் என்பது டெனிஸுக்கு நன்றாக நினைவிருந்தது.

"மூணு மணிக்குதானே?" என்றாள்.

"உங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்க்கா."

உள்ளே கூடத்து மேசைமேல் அவை வரிசையாக நின்றன. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சிவப்புக் காலிகோ துணியில் பைண்டிங். கொலைகாரன் என்று சம்பத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டே டெனிஸ் முதலாவதை எடுத்தான். உள்ளே அட்டைப்படம் அப்படியே இருந்தது. வியர்வை பட்டு விரல்களில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

"மலிவுத் துணி. தண்ணி பட்டா சாயம் விடும்" என்றாள் ஜெயசீலி. "அவரோட எத்தனை சட்டை வீணாப்போச்சு தெரியுமா?"

டெனிஸ் விஷயத்துக்கு வந்தான். "அக்கா, இத எரிக்கக் கூடாது. நான் எழுதினது சாட்சியே இல்ல. அது..."

"பேய்க்கதை."

டெனிஸ் புத்தகத்தை மேசைமேல் வைத்தான்.

"இந்த முப்பத்தொண்ணையும் அவருக்கு வாசிச்சுக் காட்டினதே நான்தான். அவருக்குக் கண்ணு ரொம்ப மோசம். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுத்தா தூங்கற வரைக்கும் வாசிக்கணும். எத்தனை ரவுண்டு முடிச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா? நீங்க கடைசில பொண்டாட்டியக் கொன்னிருப்பீங்க. அத வெட்டிட்டாங்க. சரியா?"

அவன் தலையசைத்தான். தன்னைச் சரியாகப் படித்த ஒரே வாசகி எதிரில் நிற்கிறாள் என்று தோன்றியதும் அவனுக்கு அந்த வெயிலிலும் உடம்பு சிலிர்த்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கதை எப்படி இருந்ததுக்கா?"

ஜெயசீலி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பயமே வரல. பேய்க்கதைன்னா பயம் வரணும். வரலன்னா சாட்சின்னுதான் நெனப்பாங்க. வேதசிரோமணி சார் மேல ஒரு தப்பும் இல்ல."

டெனிஸுக்குக் காது மடல் சுட்டது. கணக்கு டீச்சருக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று நினைக்கப் பார்த்தான். பழக்கமான அந்த நினைப்பு இந்த முறை சரியாக உட்காரவில்லை.

"அப்ப நீங்க ஏன்க்கா எரிக்க ஒத்துக்கிட்டீங்க?"

"அவர் ஐசியூல இருந்த பதினெட்டு நாளும் பிளஸ்ஸியும் ஐக்கியத்துல இருக்கறவங்களும்தான் மாத்தி மாத்தி என்கூட உக்காந்தாங்க. அவங்க வாயத் திறந்து ஒண்ணு கேட்டா எப்படி மாட்டேங்கறது? நான் படிச்சு முடிச்ச புக்குதானே." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "ஆனா நீங்க சொன்னா விட்டுடுவாங்க. உங்க சாட்சியாலதானே இவ்வளவும். அது நான் கட்டின கதைதான், சாட்சி இல்லன்னு அவங்க முன்னாடி சொல்லுங்க. முப்பத்தொண்ணையும் எடுத்துட்டுப் போங்க."

சொல்லிவிட்டு டீ போடப் போனாள். டெனிஸ் தனியாக நின்றான். ஒரே ஒரு வாக்கியம். உண்மையான வாக்கியம். இந்தக் கும்பலை அவன் எப்போது மதித்தான், இப்போது கூச்சப்படுவதற்கு? ஆனால் நாற்பது பேரும் ஒவ்வொருவராகக் கண்ணுக்குள் வந்தார்கள். மனப்பாடமாகச் சொன்ன அந்தப் பெரியவர் நாளை அவனைப் பார்த்தும் பாராமல் போவார். லேமினேட் செய்த காகிதம் குப்பைக்குப் போகும். அவனுக்கு வேறு யாரும் இல்லை. இதை ஒப்புக்கொள்வது அவனுக்குக் கேவலமாக இருந்தது, ஆனால் அதுதான் உண்மை.

வாசலில் ஆட்டோக்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது. டெனிஸ் சட்டென்று முதல் இதழை எடுத்துச் சட்டைக்குள் விட்டு, பேண்ட் இடுப்பில் செருகிக்கொண்டான். தொப்பை இருந்தது வசதியாகப் போயிற்று.

பதினோரு பெண்கள் வந்தார்கள். பிளஸ்ஸியின் கையில் சபை இதழ், அவன் எழுதிய பக்கம் தெரிய மடித்தது. "ஸ்தோத்திரம் பிரதர். எங்க அண்ணன் ஆறு வருஷமா சர்ச் பக்கமே வரல. நீங்க எழுதினதப் படிச்சுட்டு போன வாரம் வந்தாரு. அந்த ஒய்ஃப் அழற இடத்துல எங்கம்மாவும் அழுதுட்டாங்க."

ஜெயசீலி டீத் தட்டை மேசைமேல் வைத்தாள். புத்தக வரிசையின் முதல் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தாள். பிறகு டெனிஸைப் பார்த்தாள். "பிரதர் ஏதோ சொல்லணும்னாரு" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். டெனிஸ் வாயைத் திறந்தான்.

"அந்த சாட்சி... அது நான் எழுதினது இல்ல."

பிளஸ்ஸி புருவத்தை உயர்த்தினாள்.

"ஆண்டவர் எழுத வெச்சது" என்றான் டெனிஸ்.

"ஆமென்!" என்றார்கள் பதினோரு பேரும். ஜெயசீலி டீ ஆறுகிறது என்றாள்.

முருங்கை மரத்தடியில் முதலில் போட்டது இரண்டாவது இதழ். டெனிஸ்தான் போட்டான். காலிகோ மெதுவாகக் கருகி, பிறகு ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. பழைய காகிதம் எரியும் வாசனை அவனுக்குத் தெரிந்த எல்லா வாசனைகளையும்விட நன்றாக இருந்தது, அதற்காகவே அழுகை வந்தது. கண்ணீரைப் பார்த்துப் பெண்கள் நெகிழ்ந்துபோனார்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றாகப் போட்டான். இவர்களைவிட மட்டமான ஜென்மம் ஒன்று இந்த இடத்தில் நிற்கிறது என்று அவனுக்கு ஒருமுறை தோன்றியது. பதினேழாவது இதழை வாங்கிக்கொண்டதும் அது மறந்துபோயிற்று.

கடைசிப் புத்தகமும் விழுந்த பிறகு, பிரதருக்காக ஜெபிப்போம் என்றாள் பிளஸ்ஸி. அவன் மண்ணில் முழங்கால் போட்டான். தலைமேல் கைகள் வந்து அமர்ந்தன. எதிரே நெருப்பு, மேலே கத்திரி வெயில், சுற்றிலும் ஆட்கள். உடம்பிலிருந்து வியர்வை வழிந்து வழிந்து இடுப்புக்கு இறங்கியது. அட்டையின் முனை வயிற்றில் குத்திக்கொண்டே இருந்தது. ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. பிளஸ்ஸி ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தாள்.

திறந்தவள் வீறிட்டாள்.

"பிரதர்! ரத்தம்!"

தலைமேலிருந்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகின. ஒருத்தி பின்னால் போய்ச் செங்கல் தடுக்கி விழுந்தாள். இயேசுவே, இயேசுவே என்று ஒருத்தி அலறினாள். டெனிஸ் குனிந்து பார்த்தான். தொப்புளுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அவன் பார்க்கப் பார்க்க அது வெள்ளைச் சட்டையில் பெரிதாகிக்கொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்தான். விரிந்த கண்கள், மூட மறந்த வாய்கள், வெளுத்த கன்னங்கள். ஒவ்வொரு கதையின் கடைசி வரியை எழுதும்போதும் அவன் கற்பனை செய்துகொண்ட அதே முகங்கள். இருபது வருடத்தில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. இப்போது மொத்தமாகப் பதினொன்று. அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்கத் தெரியாமல் பல் தெரியச் சிரித்தான், அதைப் பார்த்து அவர்கள் இன்னும் இரண்டடி பின்னால் போனார்கள்.

ஜெயசீலி மட்டும் முன்னால் வந்தாள். பெல் அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருப்பவனிடம் விடைத்தாளைக் கேட்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு அவன் எதிரில் நின்றாள். டெனிஸ் இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டான். விரல் இடுக்குகளில் சிவப்புக் கசிந்து முழங்கைவரை வழிந்தது.