பூட்டிக்கொண்ட தாடை

செங்கல் சுமந்த தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார இடமில்லை. சித்தாள் சுவரில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன், கொத்தனார், கோணிப்போன வாயோடு.

கட்டட வேலையிடத்தில் அதை வைத்துச் சிரித்தார்கள். இமைத்தால் வலது கண்தான் மூடும். இடது கண் திறந்தே கிடக்கும். "யாரைப் பாத்துப்பா கண்ணடிக்கிறே? பொண்டாட்டி பக்கத்துலயே நிக்குது!" என்றார் மேஸ்திரி. தெருமுனை கிளினிக்கில் முகவாதம் என்று மாத்திரை கொடுத்து, தானாகச் சரியாகும் என்றார்கள். ஆனால் அவனால் மெல்ல முடியவில்லை. வாய் கோணினால் அப்படித்தான் என்று அவளும் சோற்றைக் கரைத்து ஊற்றினாள். இன்று காலை தண்ணீர்கூட உள்ளே போகாமல் வழிந்துவிட்டது.

நரம்பு டாக்டர் ஒல்லியான பெண். முறை வந்ததும் அவனை எதிரே உட்காரவைத்தார்.

"வாயைத் திறங்க."

விரல் நுழையும் அளவுக்குத் திறந்தான்.

"இன்னும்."

"அவ்ளோதாம்மா வருது," என்றான் பல்லுக்கு நடுவிலிருந்து.

எழுதிக்கொண்டிருந்த பேனாவை டாக்டர் கீழே வைத்தார். "முகவாதத்துல வாய் கோணும். ஆனா தாடை பூட்டிக்காது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு தட்டையான மரக்குச்சியை எடுத்துப் பல்லிடுக்கில் நுழைத்து, உள்தொண்டையைத் தொட்டார். யாராக இருந்தாலும் குமட்டும். அவனுக்குக் குமட்டவில்லை. தாடை நறுக்கென்று இறுகிக் குச்சியைக் கவ்விக்கொண்டது. விட நினைத்தும் விட முடியாமல் அவன் கண்ணில் நீர் முட்டியது.

சித்தாளுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா விளையாட்டு இது? நீ படிச்சுப் பழக எம் புருஷன்தான் கெடச்சானா? ஏங்க, எந்திரிங்க, போலாம்!" வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் குச்சியை மெல்ல உருவி எடுத்தார். அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எங்கயாவது அடிபட்டுதா?"

இல்லை என்று தலையாட்டினான். அவர் விரல் இடது புருவத்து மயிரை ஒதுக்கியது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினால் கல்லாக இருந்தது.

"அப்ப இது?"

"சாரப் பலகை இடிச்சுது. ரத்தம் வந்துச்சு, சிமெண்டு வெச்சு அடைச்சேன். இதெல்லாம் ஒரு அடியாம்மா?"

சுவரில் விரிசல் விட்டால் அடைப்பது போலத்தான் அங்கே எல்லோரும் உடம்பையும் அடைப்பார்கள்.

"ரணஜன்னி. டெட்டனஸ்," என்றார் டாக்டர். "மண்ணுல இருக்கிற கிருமி காயத்துல பூந்திருக்கு. தலையில காயம்னா சில பேருக்கு முதல்ல முகத்து நரம்பு விழும், அதான் முகவாதம்னு நெனச்சுட்டாங்க. அடுத்தது தொண்டை. அப்புறம் மூச்சு." சித்தாளைப் பார்த்தார். "இப்போ கூட்டிட்டுப் போனா பிழைக்க மாட்டாரும்மா."

குரலை உயர்த்தவே இல்லை.  இழுத்துப்போகப் பிடித்திருந்த அவன் கையைச் சித்தாள் விட்டாள்.

விஷமுறிவு ஊசி போட்டார்கள். புருவத்தைக் கீறிச் சிமெண்டைத் தோண்டி எடுத்தார்கள். சத்தம் பட்டாலே உடம்பு வெட்டி இழுக்கும் என்பதால் இருட்டறை. வாளியை டமாரென்று வைத்த ஆளை டாக்டரே கடிந்து துரத்தினார். மூச்சு விடத் தொண்டையில் செருகும் குழாயை எடுத்துக் கட்டில் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். மறுநாள் அவன் முதுகு கம்பி வளைவது போல வளைந்து தொண்டை அடைத்தபோது, தேடி ஓட வேண்டியிருக்கவில்லை. நோய் வரப்போகும் இடத்துக்கு அந்த அம்மா முன்னாலேயே போய் நின்றிருந்தார்.

பல வாரம் போராடி அவன் எழுந்தான். மேஸ்திரி தன் ஆட்கள் எல்லோரையும் தடுப்பூசி போடக் கூட்டிவந்தார். தன் முறை வந்தபோது அவரே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் நாளில் சித்தாள் டாக்டரின் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே அவர் இன்னொருவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கையசைத்தார். "நல்லா மென்னு சாப்பிடச் சொல்லும்மா. போயிட்டு வாங்க."

அவள் கும்பிட்டாள். படியிறங்கிவிட்டாள்.

அத்தனை பேர் முன்னால் கத்தியதற்கு அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை. அந்தக் கடன் நிற்கிறது.