இலைவாய் மூடும் நேரம்

கறிமிளகாய் வளர்க்கும் பொலித்தீன் கூடாரத்தின் சாவி சுதர்ஷிகாவிடம் பத்து நாளைக்குத்தான். பதினோராம் நாள் புதுத் துளிரில் ஒரு புள்ளி தெரிந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முந்நூற்றிருபது செடியும் பிடுங்கப்படும். மாதர் சங்கத் தலைவி கமலேஸ்வரி அப்படித்தான் சொன்னாள். பன்னிரண்டு பெண்களும் தலையாட்டினார்கள். அதில் சுதர்ஷிகாவின் தாய் மக்டலினும் ஒருத்தி.

சண்டை உப்பைப் பற்றியது. இலைகளில் விழும் கரும்புள்ளி கடல் உப்பால் வருகிறது என்பது பெண்களின் முடிவு. கூடாரத்துக்கும் கடலுக்கும் நடுவில் தாழம்பற்றை மட்டும். வாடைக்காற்று தொடங்கினால் பெண்கள் பக்கவாட்டுப் பொலித்தீனை இறக்கிக் கட்டுவார்கள். பின்னேரம் பைப் பிடித்துச் செடிகளைக் குளிப்பாட்டி உப்பைக் கழுவுவார்கள். மீன் காயப்போடுகிற சனம், உப்பின் குணம் தெரியாதா? புள்ளி கூடக் கூட இன்னும் கழுவினார்கள்.

"உப்பெண்டால் ஓரந்தான் கருகும்," என்றாள் சுதர்ஷிகா கூட்டத்தில். "இது இலையின்ர நடுவில விழுது. கடல்பக்க வரிசை நல்லாக் கிடக்கு, பைப்படிச் செடிதான் மோசம். உங்களுக்குக் கண் தெரியேல்லையா?"

"நீ கம்பஸுக்குப் போக முதலே எங்களுக்குக் கண் இருந்தது, பிள்ளை," என்றாள் கமலேஸ்வரி.

"அப்ப கேளுங்கோ. இலைக்கு அடியில ஆயிரக்கணக்கில வாய் இருக்கு, மூச்சுவிட. பற்றீரியா வந்து தொட்டால் செடிக்கு விளங்கும். ஒரு மணித்தியாலத்துக்குள்ள வாயை மூடிப்போடும். காத்து ஈரமாக் கிடந்தால் மூட ஏலாது. சில பற்றீரியா, மூடின வாயைத் திறக்க மருந்தும் வச்சிருக்கு. நாங்கள் கூடாரத்தை மூடி ஈரத்தையும் வச்சு, கள்ளனைத் தண்ணியில ஏத்திச் செடிக்குச் செடி இறக்கிவிடுறம்."

"பாத்தியே, செடிக்குக்கூட வாயை மூடத் தெரியுது. நீயும் கொஞ்சம் பழகன்," என்றாள் கமலேஸ்வரி.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதுதான் சுதர்ஷிகாவுக்குச் சுட்டது. வீட்டில் முதல் பட்டதாரி; வேலையில்லாமல் இரண்டு வருடம். அவள் படிப்பை நம்பி இந்த ஊர் கொடுத்தது ஒரு சாவி, அதுவும் பத்து நாளைக்கு.

புள்ளி விழுந்த இலைகளையெல்லாம் கிள்ளி எரித்தாள். பொலித்தீனைச் சுருட்டி உயர்த்திக் கட்டினாள். வேரில் மட்டும் தகரப் பேணியால் தண்ணீர் வார்த்தாள். நாலு நாளாகப் புதுப் புள்ளி இல்லை.

ஐந்தாம் நாள் விடிய வாடை ஊளையிட்டது. ஒரு தோணியும் இறங்கவில்லை. அவள் ஓடி வந்தபோது கூடாரம் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே பொலித்தீன் வியர்த்தது. ஒவ்வொரு இலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அம்மா பைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். சாவியை அலுமாரியிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"என்னை நம்பேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே."

"நம்பாமலில்லை, பிள்ளை. முகத்தைத் துடைச்சால் கை உப்புக் கரிக்குது. செடி கருகினால் படிச்சவள் கெடுத்தாள் எண்டு ஊர் கதைக்கும். எனக்கு அதைக் கேக்க ஏலாது."

சுதர்ஷிகாவுக்கு வாதாட நேரமில்லை. வெயில் விழுந்தால் இலைவாய்கள் திறக்கும். இந்த ஈரத்தில் அவற்றால் மூட முடியாது. இவ்வளவு இலையையும் காயவைக்க வெளியே இருப்பது ஒன்றுதான், அந்த உப்புக்காற்று. கணக்குப் பிழையாகப் போனால் செடிகள் ஊரே பார்க்கக் கருகும்.

கத்தியால் கடல்பக்கக் கயிற்றை அறுத்தாள். பொலித்தீன் பாய்போல் புடைத்து அவளையும் இழுத்தது.

"என்னடி செய்யிறாய்?" கமலேஸ்வரி சைக்கிளிலிருந்து இறங்கினாள். "உப்பு உள்ளுக்கு அடிக்குது."

"அடிக்கட்டும். அக்கா, ஈர மீனை மூடி வச்சால் என்ன நடக்கும்?"

"புழு வைக்கும்."

"பிறகேன் நிக்கிறீங்கள்? மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ."

கமலேஸ்வரி நனைந்த இலைகளைப் பார்த்தாள். மக்டலினின் கையிலிருந்த பைப்பைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைத் தாழையில் சாத்திவிட்டு மற்றப் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். மூன்று பேருமாக நாலு பக்கமும் சுருட்டி உயர்த்திக் கட்டினார்கள். முக்கால் மணித்தியாலத்தில் இலைகள் காய்ந்து சலசலத்தன.

பதினோராம் நாள் பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். கடல்பக்க இரண்டு வரிசையிலும் இலையோரம் பழுப்பாகக் கருகியிருந்தது.

"உப்பு," என்றாள் கமலேஸ்வரி.

"ஓம். உப்புத்தான். துளிரைப் பாருங்கோ."

துளிர் துளிராகப் புரட்டிப் போனார்கள். சுத்தம். பைப்படிக்கு முதலில் போன சுதர்ஷிகாவின் விரல் ஒரு துளிரிலைக்கு அடியில் நின்றது. எண்ணெய் தெறித்ததுபோல் ஒரு கரும்புள்ளி. பக்கத்து மூன்று செடியிலும் ஒவ்வொன்று. யாரும் பார்க்கவில்லை. கிள்ளி உள்ளங்கையில் பொத்த ஒரு நொடி போதும்.

விரல் மடங்கியது. பிறகு இலையைத் திருப்பிப் பிடித்தாள்.

"இஞ்ச இருக்கு. நாலு செடியில."

ஒருத்தி உச்சுக் கொட்டினாள். கமலேஸ்வரி கையை நீட்டினாள், சாவிக்கு.

"அந்த நாலும் நான் கழுவின இடம்," என்றாள் மக்டலின். எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள். "வாடை அடிச்ச விடிய, இவளுக்குத் தெரியாமல். பைப்பை அதிலதான் தொடங்கினனான். மற்றதெல்லாம் இவள் திறந்துவிட்ட காத்தில காஞ்சது. கமலேஸ்வரிக்கும் தெரியும்."

எல்லாரும் கமலேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. குனிந்து நாலு செடியையும் அடியோடு பிடுங்கி ஓலைப்பெட்டியில் போட்டாள். பிறகு குழாய்க்குப் போய்ப் பைப்பைக் கழற்றித் தோளில் சுற்றினாள்.

சுதர்ஷிகா சாவியை நீட்டினாள்.

"அதை நீ வச்சிரு," என்றாள் கமலேஸ்வரி. "இதை நான் கொண்டுபோறன்."