நடைபாதையில் வைத்த பத்து ஜன்னல்கள்

தம்பி செய்த உபகாரத்தைப் பார்த்ததும் ஜெனெலுக்கு அழுகைதான் வந்தது. மிஸ்ஸூரி ஆற்றங்கரையில் ஹார்லன்ஃபெரி சின்ன ஊர். அதன் கடைத்தெரு நடுவே பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஜவுளிக்கடைக் கட்டடத்தை அவள் வாங்கியிருந்தாள். கீழே பேக்கரி, மேலே வாடகைக்கு வீடுகள் என்பது திட்டம். கன்சாஸ் சிட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்பினால், மாடி முகப்பில் இருந்த மர ஜன்னல்கள் பத்தையும் காணோம். அங்கே வெள்ளைவெளேரென்று பிளாஸ்டிக் ஜன்னல்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

"எப்படிக்கா இருக்கு?" என்றான் டுவைட். ஜன்னல் பொருத்துவது அவன் தொழில். "எல்லாம் என் செலவு. உனக்குப் பொறந்தநாள் பரிசு."

"டேய், பழசெல்லாம் எங்கடா?"

"நடைபாதையில 'இலவசம்'னு அட்டை வச்சேன். மத்தியானத்துக்குள்ள ஒண்ணு மிச்சமில்ல."

மிஞ்சாதுதான். அந்த ஊரில் 'இலவசம்' அட்டை வைத்தால் உடைந்த நாற்காலிகூட அரைமணி நேரம் தங்காது. கட்டடமோ புராதனச் சின்னப் பட்டியலில் இருந்தது. பழைய முகம் மாறாமல் புதுப்பித்தால், செலவில் ஐந்தில் ஒரு பங்கை அரசாங்கம் அவள் கட்டும் வரியில் கழித்துவிடும். அந்தக் கழிவை நம்பித்தான் வங்கி கடனுக்குத் தலையாட்டியது. முகப்பு ஜன்னல் மாறினால் கழிவு போச்சு, கழிவு போனால் கடனும் போச்சு. பிறகு கட்டடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் போடலாம் என்று ஊர்ச் சபையில் சிலர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அவள் தம்பியிடம் சொல்லாமல் இல்லை. வரி என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அவனுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

வேலையைப் பார்வையிட அதிகாரி வியாழக்கிழமை வருவதாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் அக்காவும் தம்பியும் அவனுடைய டிரக்கில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒரு ஜன்னல் கீரைப் பாத்திக்குப் பனி படாமல் காக்கும் மூடியாகிவிட்டிருந்தது. இன்னொன்றின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கல்யாணப் போட்டோக்கள் சிரித்தன. மூன்று ஜன்னல்கள் சர்ச் ஏலத்துக்குப் போய், அங்கே சாயம் பூசக் காத்திருந்தன. இலவசமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. டுவைட்தான் வழி கண்டுபிடித்தான். பழசைத் தருகிறவர்களுக்குப் புது பிளாஸ்டிக் ஜன்னலைத் தானே பொருத்தித் தருவதாகச் சொன்னான். அதற்குப் பிறகு ஜனங்கள் போட்டோவை அவர்களே உருவி எடுத்துக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஒன்பது சேர்ந்துவிட்டது. பத்தாவது மெர்லிடம் இருந்தது.

எதிர்சாரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மெர்லுக்கு அரசாங்கச் சலுகை என்றாலே ஆகாது. அதைச் சபையில் எழுந்து நின்றே சொல்லியிருந்தார். ஜெனெல் ரோஷத்தை முழுங்கிக்கொண்டு அவர் வீட்டுக் கொல்லைக்குப் போனாள். ஜன்னல் கோழிக்கூண்டில் அழகாகப் பொருந்தியிருந்தது.

"என் வரிப்பணம் பத்தாதுன்னு இப்ப என் கோழிகிட்டயும் கைநீட்ட வந்துட்டியா?" என்றார் மெர்ல்.

அவளுக்குச் சுரீரென்று வந்தது. "பெயிண்டும் ஆணியும் ஆறு மாசமா யார் கடையில வாங்குறேன் மெர்ல்? ஊரை விட்டுப் போறதா இருந்த உங்க மருமகன் இப்ப யார் கட்டடத்துல தச்சு வேலை பாக்குறாரு? அந்தக் கட்டடமே இல்லாமப் போனா, அவரு உங்க பேத்தியையும் கூட்டிட்டுத்தானே போவாரு?"

மெர்ல் கூண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் திருப்புளியோடு வந்தார்.

"பழுப்புக்கோழி அடையில இருக்கு. சத்தம் போடாமக் கழட்டு," என்றார். "என் கொள்கை மாறிடுச்சுன்னு நெனச்சுக்காத."

அன்று இருட்டுவதற்குள் மருமகனும் டுவைட்டும் பத்தையும் பழைய இடத்தில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் வந்த அதிகாரி வாஸ்கெஸ் அம்மாள் ஒவ்வொரு ஜன்னலாகத் தடவிப் பார்த்தார். அலையலையாக இருந்த பழைய கண்ணாடியைக் கண்டு தலையசைத்தார். பத்தாவதில் நின்றார். சட்டத்தின் இடுக்கிலிருந்து பழுப்பு இறகு ஒன்றை இரண்டு விரலால் எடுத்துக் காட்டினார்.

ஜெனெல் மறைக்கத் தெம்பில்லாமல், தம்பியில் ஆரம்பித்துக் கோழி வரை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அம்மாள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

"அதே மரம், அதே கண்ணாடி, அதே இடம்," என்றார். "நடுவுல அது வழியா கோழி எட்டிப் பாத்துச்சா இல்லையான்னு சட்டம் கேக்கல."

அவர் கார் திரும்பிப் போன பிறகு ஜெனெல் படியில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். இந்தத் தடவை சந்தோஷத்தில்.

அடுத்த வசந்தத்தில் பேக்கரி திறந்தது. மாடி வீடுகளுக்கு ஆள் வந்துவிட்டது, பக்கத்தில் பூட்டிக் கிடந்த முடிதிருத்தும் கடைக்கும் புது ஆள் வந்தான். திறப்பன்று காலையில் மெர்ல் ஒரு கூடை முட்டையோடு வந்தார். மேலே அட்டை: 'இலவசம் இல்லை'. ஜெனெல் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள். மனுஷன் காசை எண்ணாமலே பையில் போட்டார், ஆனால் நகரவில்லை.

"என் கடை மாடி ஜன்னலும் பழசுதான்," என்றார், தெருவைப் பார்த்தபடி. "அந்த வரிக்கழிவுக்கு மொதல்ல என்ன பண்ணணும்?"

"மொதல்ல," என்றாள் ஜெனெல், "டுவைட்டுக்கு உங்க பொறந்தநாள் எப்பன்னு தெரியாமப் பாத்துக்கங்க."