மத்ரீத்துப் பேச்சு

ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனதும் கிழவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"போதும் டாக்டரம்மா. எம்பொண்ணு ரெக்லா மத்ரீத்லேர்ந்து வந்துக்கிட்டிருக்கா. அவ வர்ற வரைக்கும் என்னை மேல அனுப்பி வச்சிராதீங்க."

சூப்பு ரெக்லாவின் கையில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று நாளாகிறது. அப்பா செர்வாந்தோவுக்குப் பார்வை போய்விட்டது. குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறார். அவளோ இருபது வருடமாக மத்ரீத் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். சொந்த ஊரான இந்தக் காதீஸில் எவனும் ஒரு சொல்லை முழுசாக வெளியே விடமாட்டான், பாதியை விழுங்கிவிடுவான். அந்தப் பேச்சோடு மைக் முன்னால் உட்கார முடியாது என்றார்கள். நாக்கை அடித்துத் திருத்திக்கொண்டாள். அதை மதுக்கடை மதுக்கடையாகப் பீற்றிக்கொண்டவரும் இதே அப்பாதான்.

"அப்பா, நான்தான் ரெக்லா. உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறேன்."

"ஒங்களுக்கு நல்ல மனசும்மா" என்றார் மரியாதையாக.

முந்தின நாள் ஊர்ப்பேச்சை வரவழைத்தும் பார்த்தாள். "எங்க பேச்ச நக்கலடிக்காதீங்க டாக்டரம்மா" என்று அவர் முகம் சுருங்கிவிட்டது. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

மத்தியானம் தம்பி ஹெர்மான் எண்ணெய்க் காகிதத்தோடு வந்தான். பொடி இறால் போட்டுச் சுட்ட அடை, அப்பாவுக்கு உயிர். ஒரு துண்டைப் பிய்த்து அவர் வாயில் வைக்கப் போனான்.

"அடேய் கூறுகெட்டவனே! தண்ணியே எறங்கல, அடையத் திணிக்கிறியா? தொண்டையில சிக்கிச்சுன்னா ஒங்கப்பனாடா வந்து எடுப்பான்?" என்று கத்தினாள் ரெக்லா.

கட்டில் குலுங்கியது. கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஹெர்மானு, ஒங்கக்கா வந்துட்டாடா! காது கிழியுது பாரு." காற்றில் கையை நீட்டினார். "ஏன்டி இவ்ளோ நேரம்?"

ரெக்லா கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்காக அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியும். பதில் சொல்லவே பயமாக இருந்தது.

"ரயிலு லேட்டுப்பா."

"அறிவிப்பு மட்டும் நல்லாப் பண்றீங்கடி."

நாலு மணிக்கு மூச்சு நின்றது. ஹெர்மான் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தான். மடிக்க இனி இடமில்லை.

வடக்கிலிருந்து வந்த இளம் டாக்டர் நாடி பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "வருந்துகிறேன். இவருக்கு நீங்கள் என்ன உறவு?"

ரெக்லா ஊர்ப்பேச்சில், பாதியை விழுங்கிச் சொன்னாள். டாக்டருக்குப் பிடிபடவில்லை.

"மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்கிறீர்களா?"

"அவரு பொண்ணுங்க" என்றாள் ரெக்லா, முன்பு சொன்ன மாதிரியே.