ஐந்து கேள்வி, ஆறு நாள்

பாட்னாவில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தங்கும் எங்கள் லாட்ஜில் என்னைத் திரிபுராரி என்று யாரும் கூப்பிட்டதில்லை. குருஜி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து நான்கு வயதில் குருஜி! எல்லாம் ரீசனிங் தாளில் வரும் பெரியது-சிறியது கேள்விகளால் வந்த பட்டம். எது எதைவிடப் பெரியது என்பதை @, # என்று குறிகளாக்கிக் குழப்பிக் கொடுப்பார்கள். கீழே இருக்கும் இரண்டு முடிவுகளில் எது சரி என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஐந்து கேள்விக்கு நான்கு நிமிடம் முட்டி மோதும்போது நான் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டுக் கொட்டாவி விடுவேன்.

அந்த வேகத்தின் ரகசியம் கேவலமானது. எங்கள் பயிற்சி மைய சார் இரண்டு வருடமாகக் கொடுத்த எல்லாத் தாளிலும் @ என்றால் ‘பெரியது’. அதனால் கேள்விக்கு மேலே எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று போட்டிருப்பதை நான் படிப்பதே இல்லை. அதில் இருபது நொடி மிச்சம்.

என் அறையில் இருந்த, நாங்கள் பையா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் சிவ்பூஜன் அப்படியில்லை. ஒவ்வொரு வரியையும் உதடு அசையப் படிப்பார். முப்பது வயதாக அவருக்கு ஒரு மாதம்தான் பாக்கி, அதற்குப் பிறகு இந்தத் தேர்வை எழுத விடமாட்டார்கள். முதல்நிலைத் தேர்வில் தேறாவிட்டால் சூரத்தில் மைத்துனர் இருக்கும் சாயப்பட்டறைக்குப் போவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அவர் டியூஷன் சொல்லப் போயிருந்த நேரத்தில் அவருடைய விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். லாட்ஜ் வழக்கப்படி, ஓடிபி வந்தால் உடனே தட்ட வசதியாக, என் செல்போன் எண்ணையே கொடுத்தேன்.

முதல்நிலைத் தேர்வு முடிந்து எல்லாரும், கரியில் சுட்ட மாவுருண்டை விற்கும் லிட்டிக் கடையில் கூடினோம்.

“பூஜன் பையா, பெரியது-சிறியது எத்தனை போட்டீங்க?”

“அஞ்சும் போட்டேன் குருஜி. மூணுக்கு ‘ரெண்டுல ஏதாவது ஒண்ணு சரி’ன்னு வந்துச்சு.”

எட்டுப் பேர் நடுவில் நான் கைதட்டிச் சிரித்தேன். “ஒரே செட்டுல மூணா? பையா, நீங்க எழுதினது பரீட்சையா, லாட்டரியா? @-ன்னா பெரியது. முதல் முடிவு மட்டும்தான் சரி. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம்.”

கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன்.

“மேல வேற என்னமோ போட்டிருந்த மாதிரி...” என்று இழுத்தார்.

“முப்பது வயசானா கண்ணும் மங்கிடும் பையா.”

கடையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு லிட்டி சுற்றிவந்த பேப்பரில், மூன்று தவறுக்குக் கழிவு போக, அவர் மதிப்பெண்ணை நானே கணக்குப் போட்டுக் காட்டினேன். போன வருடத்துத் தேர்ச்சி எல்லையைத் தொடவில்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் குருஜி” என்றார். மறுநாள் மதிய வண்டிக்குக் கிளம்புவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை வகுப்பில், தேர்வில் வந்ததை ஆளுக்கொன்றாக நினைவிலிருந்து சொல்ல, சார் பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி சொன்னாள்: “@-ன்னா சிறியதல்ல.”

சார் சாக்பீஸோடு திரும்பினார். “சிறியதல்லன்னா என்ன? பெரியதாவும் இருக்கலாம், சமமாவும் இருக்கலாம். எதுன்னு சொல்ல முடியாது, ஆனா ரெண்டுல ஒண்ணு நிச்சயம். அதனால மூணுக்கு ‘ஏதாவது ஒண்ணு’தான் விடை. மேல போட்டிருந்ததப் படிக்காத கழுதைங்க அஞ்சையும் கோட்டை விட்டிருக்கும்.”

வகுப்பு சிரித்தது. கழுதையும் சிரித்தது.

அறைக்கு வந்தபோது பையா படுக்கையைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். “புத்தகமெல்லாம் நீங்களே வச்சுக்குங்க குருஜி, எனக்கெதுக்கு இனிமே?” என்றார். சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். சொன்னால் சாயங்காலத்துக்குள் லாட்ஜ் முழுக்கத் தெரிந்துவிடும், குருஜி ஐந்திலும் மண்ணைக் கவ்வினார் என்று. அவர் மூட்டையை என் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட்டோ வரைக்கும் போனேன். அதைப் பார்த்தவர்கள் எனக்கு எவ்வளவு நல்ல மனசு என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, என் போனுக்கு இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது எனக்கு: தேறவில்லை. இரண்டாவது அவருக்கு: தேர்ச்சி. அடுத்த வார ஞாயிறு காலை பாட்னாவில் முதன்மைத் தேர்வு. அந்தச் செய்தி உலகத்தில் என் ஒருவனிடம் மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது.

அன்றைக்கே போன் செய்யவில்லை. ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேடினேன். நான் சிரித்ததும், தெரிந்தும் மூட்டை தூக்கியதும் தெரியாத மாதிரி ஒரு வாக்கியம். அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. தினமும் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், சாப்பிட்டேன், வயிறு நிறையவே சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். பட்டறை இயந்திரச் சத்தத்துக்கு மேலே அவர் கத்தினார், “குருஜி! என் ஞாபகம் வந்துச்சா?”

“பையா, நீங்க பாஸ். நாளன்னைக்குப் பெரிய பரீட்சை.”

இயந்திரச் சத்தம் குறைந்த இடத்துக்கு நகர்ந்து வந்து கேட்டார்.

“அப்ப அந்த மூணும் சரியா?”

“சரிதான்.”

“பாத்தீங்களா, என் கண்ணு மங்கல!” என்று சிரித்தார். பக்கத்தில் யாரிடமோ ரயில் விசாரித்தார். மறுபடி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. “காலை வண்டி போயிடுச்சாம். அடுத்தது ஏறினா ஞாயிறு சாயங்காலம்தான் வந்து சேருமாம்.”

அவரே தொடர்ந்தார்.

“நேத்து தெரிஞ்சிருந்தாக்கூட வந்திருப்பேன். பரவால்ல, தெரிஞ்சதும் கூப்பிட்டீங்களே, வேற யாரு கூப்பிடுவா? ரிசல்ட் எப்ப வந்துச்சு குருஜி?”

“இப்பத்தான் பையா,” என்றேன். “இப்பத்தான் வந்துச்சு.”