வக்கீலம்மாவின் கைநாட்டு

“வைத்தியம்னுதான சொன்ன? மைப்பெட்டி எதுக்குடி இருக்கு?” என்று காளியம்மா கிசுகிசுத்தாள்.

“மெதுவா பேசுலா, எனக்கும் இப்பத்தான தெரியுது” என்றாள் நவமணி.

இருவரும் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒன்பது வருடமாகப் புல்லுக்கு மருந்து அடிப்பவர்கள். முதுகில் தொங்கும் மருந்துத் தோம்பு கசியும். காளியம்மாவுக்கு மூன்று நகங்கள் கழன்றுவிட்டன. மூக்கில் ரத்தமும் வந்தது. ஞாயிறன்று ஈப்போ புந்தோங்கில் ஒரு சங்கத்தார் சும்மாவே உடம்பு பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் பஸ் ஏறினார்கள். டாக்டர் களிம்பு கொடுத்து அடுத்த மேசைக்கு அனுப்பினார். அங்கே மைப்பெட்டியோடு சங்கத் தலைவி உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஈப்போவில் இருபது வருடமாக வக்கீல்.

“இருங்கோ அம்மா. கையுறை குடுக்காமல் மருந்தடிக்க விடக்கூடாது எண்டு அரசாங்கத்துக்கு மனு. முப்பத்தொரு பேர் கைநாட்டு வெச்சாச்சு.”

“வெச்சா எனக்கு என்ன ஆகும்?”

“மனேஜர் வேலையை விட்டு நிப்பாட்டலாம். மாட்டார் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன்.”

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். காளியம்மாவுக்கு வேறு கூரை கிடையாது.

“உங்க பேரென்ன?” என்று கேட்டாள் காளியம்மா.

“அன்னபாக்கியம்.”

காளியம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பத்து வருடத்துக்கு முன் அவள் அக்கா இருந்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். கோயில் திருவிழாவுக்கு என்று சொல்லிக் கங்காணி எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினான். பிறகு வக்கீல் கடிதம் வந்தது: நீங்களே சம்மதித்தபடி பதினாலு நாளில் வீட்டைக் காலி செய்யவும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாசித்துக் காட்டியபோது கடைசியில் வந்த பெயரைக் காளியம்மா மறக்கவில்லை.

“எழுபத்தி மூணுல எங்க அக்காவுக்குக் கடிதாசி போட்டது நீங்கதான?”

“எந்தத் தோட்டம்?”

காளியம்மா சொன்னாள். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஓம். நான்தான். அப்ப கம்பெனிக்கு வேலை செய்தனான். கைநாட்டு எப்பிடி வாங்கினவை எண்டு நான் கேக்கேல்லை.”

“கேட்டிருந்தா?”

“கடிதம் போட்டிருக்க மாட்டன் எண்டு சொல்ல ஆசைதான். தெரியேல்லை.”

“வா, போலாம்” என்று நவமணி முந்தானையை இழுத்தாள்.

“இருடி. இன்னொரு தாள் எடுங்கம்மா. என்னை வீட்ட விட்டு எறக்கினா நீங்க வந்து எனக்காகக் கோர்ட்டுல நிக்கணும்னு எழுதுங்க. கையெழுத்து வேணாம். கைநாட்டு வைங்க.”

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே!”

“எனக்குப் படிக்கத் தெரியாதே.”

அந்தம்மா எழுதினார். நாலாம் வகுப்பு படித்த நவமணி எழுத்துக் கூட்டி வாசித்தாள். காளியம்மா இரண்டு முறை வாசிக்க வைத்தாள். அதன் பிறகே அந்தம்மா கட்டைவிரலை மையில் ஒற்றி அழுத்தினார். ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

காளியம்மா மனுவில் தன் விரலை வைத்தாள். வெறும் கறுப்பு வட்டம். மை அதிகமோ என்று துடைத்து வைத்தாள். அப்போதும் வட்டம்தான். மறு கையிலும் அப்படியே.

“சம்பளத்தன்னிக்கிக் கிராணியும் திட்டுவாரு, எனக்கு ஒழுங்கா வெக்கத் தெரியலன்னு.”

அந்தம்மா அவள் விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து தின்ற தோல், வழவழவென்று இருந்தது.

“டாக்டர், கொஞ்சம் வாங்கோ!”

“அவர எதுக்குக் கூப்பிடுறீங்க? என்னோடது செல்லாதா?”

“செல்லும் அம்மா. உங்கட விரலைப் பாத்து அவர் ஒரு சான்று எழுதட்டும். மனுவுக்கு அதுதான் பலம்.”

டாக்டர் வந்து எழுதி முடிக்கும் வரை காளியம்மா மேசையை விட்டு நகரவில்லை. அதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்தம்மாவின் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நவமணி கேட்டாள்: “இப்பவாச்சும் அந்தம்மாவ நம்புறியா?”

காளியம்மா நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தாள் இருந்தது.

“நம்பினா எதுக்குடி கைநாட்டு வாங்குறேன்?”