தட்டில் மிஞ்சியவை

எங்கள் பண்ணையில் ஐந்து ரகப் பட்டுப்புழுக்களை ஒப்பிட்டுப் பார்க்க நாள் குறித்தார்கள். அதில் ஒன்று அக்கா வருடக்கணக்கில் கலந்து கலந்து உருவாக்கியது. கூடு சின்னது என்பதால் எல்லோரும் அதைக் 'குட்டி' என்றார்கள். கேட்டால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தப் பருவத்தில் தேறியது ஒரே தட்டுக் கூடுகள். வேறு இருப்பு கிடையாது.

நான் நூல் எடுக்கும் பிரிவு. நூலுக்குப் போகிற கூடுகளை ஆவியில் வைத்துப் புழுவைக் கொன்றுவிடுவோம். விட்டால் பூச்சி துளைத்துக்கொண்டு வந்து இழையைக் கெடுத்துவிடும். அதனால் நல்ல கூடுகளை, பூச்சி வெளிவந்து முட்டையிட, முதலிலேயே ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம். அக்கா தலைகீழாகச் செய்தாள். கெட்டியானதும் வழவழப்பானதுமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சோதனைக் கூடையில் போட்டாள்.

"அப்ப முட்டைக்கு?"

"மிச்சம் இருக்கில்ல? எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைங்கதானே. போய் உன் வேலையப் பாருடி."

மிச்சம் என்பது மெலிந்ததும் கறை பட்டதும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திப் பார்த்தேன். பிடித்த பிடியை விடுகிற ஆளா அவள்?

சோதனை நாளில் மற்ற ரகங்கள் அறுந்து அறுந்து என் உயிரை வாங்கின. குட்டியின் இழை வெந்நீர்த் தொட்டியிலிருந்து ஏறியது ஏறியதுதான். கூடு தேய்ந்து உள்ளே புழு தெரிகிறவரை ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. நீளம், வலு, பளபளப்பு எல்லாவற்றிலும் அதற்குத்தான் முதலிடம்.

பண்ணை அதிகாரி அக்காவைத் தேடி வந்தார். "கிண்டல் பண்ணின வாயாலயே சொல்றேம்மா, இதான் முதல் ரகம். முட்டை எவ்வளவு இருக்கு? விவசாயிங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சிடலாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று காலையில்தான் இருவரும் முட்டை அறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். மிச்சக் கூடுகளில் பாதி திறக்கவே இல்லை. வெளியே வந்த பூச்சிகளும் இறக்கை சுருங்கிச் செத்துக் கிடந்தன. விரித்து வைத்த தாளில் ஒரு முட்டைகூட இல்லை.

"இல்லைங்க சார்" என்று நான்தான் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா என் தொட்டிக்குள் கைவிட்டு, வெந்து கிடந்த புழுக்களில் ஒன்றை எடுத்தாள். பெண் புழு. சுருங்கியும் பெரிதாகவே இருந்தது.

"இது எத்தனை முட்டை போட்டிருக்கும்டி?"

ஐநூறுக்குக் குறையாது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.